மூன்று பிளேயர், ஒரே இயர்போன்: எதில் ஒலி நன்றாக இருக்கிறது என்று சரியாக ஒப்பிடுவது எப்படி?

கோத்தகிரி_கேள்வி:
வணக்கம். ஒப்பிட வேண்டியவை மூன்று. ராக்பாக்ஸ் (பிளேயரில் போடும் இலவச மாற்று மென்பொருள்) போட்ட பழைய எம்பி3 பிளேயர், போனில் செருகி இயர்போன் மாட்டும் யூஎஸ்பி-சி டாங்கிள், இரண்டு வாரத்துக்கு மட்டும் கையில் இருக்கும் ஒரு ஹை-ரெஸ் பிளேயர். இயர்போன் நான்கு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (குட்டி ஒலி டிரைவர் வகை) உள்ளது. மூன்றிலும் ஒரே ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய) ஃபைல்கள்தான். பழையதில் ஜால்ராவும் தம்புராவின் மேல் நாதமும் மங்கிக் கேட்கின்றன. ஹை-ரெஸ் பிளேயரில் எல்லாமே பளிச். டாங்கிள் இரண்டுக்கும் நடுவில். புது பிளேயருக்குப் பணம் போடும் முன், இந்த வித்தியாசம் உண்மையா, எதனால் என்று தெரிய வேண்டும். காலையில் வீட்டுக்குள்ளேயே 8 டிகிரி இருக்கிறது. குளிரும் காரணமாக இருக்குமா?

வெலிங்டன்_வோல்ட்:
முதலில் வால்யூமைச் சமப்படுத்துங்கள். அதைச் செய்யாமல் கேட்டது எதுவும் கணக்கில் வராது. அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதை "சத்தம் அதிகம்" என்று சொல்லாது, "தெளிவு அதிகம்" என்றுதான் சொல்லும்.

செய்முறை: ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரில் 400 ஹெர்ட்ஸ் சைன் அலை, உச்சத்திலிருந்து 12 டெசிபல் குறைவாக, ஒரு நிமிட ஃபைலாக எடுத்து மூன்றிலும் ஏற்றுங்கள். 3.5 மி.மீ. ஒய்-ஸ்ப்ளிட்டரின் ஒரு காலில் இயர்போன், மறு காலில் அறுத்த ஆக்ஸ் வயர், அதன் முனையில் மல்டிமீட்டர். பின்னின் நுனி இடது பக்கம், அடிப்பகுதி கிரவுண்டு. இரண்டு வயரும் தொட்டுக்கொள்ளாமல் டேப் சுற்றிவிடுங்கள். டோன் ஓடும்போது இயர்போன் காதில் இருக்கக் கூடாது, ஆனால் ஸ்ப்ளிட்டரில் இருந்தே ஆக வேண்டும். இயர்போன் என்ற லோடு இல்லாமல் எடுத்த அளவு பாட்டு கேட்கும்போது மாறிவிடும்.

கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிற டிடி-830 மீட்டர் இதற்கு உதவாது. அதில் ஏசி அளவு 200 வோல்ட், 750 வோல்ட் மட்டும்தான். ஏசி மில்லிவோல்ட், குறைந்தது 2 வோல்ட் ரேஞ்சாவது உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

மூன்றுக்கும் இடையே 0.1 டெசிபலுக்குள் வர வேண்டும். ஒன்று 100 மில்லிவோல்ட் என்றால் மற்றவை 98.9 முதல் 101.1 வரை. வால்யூம் படிகள் பெரிதாக இருந்தால் பட்டனால் அங்கே போய்ச் சேர முடியாது. 100-க்கு எதிரே 104.7 நின்றால் அது 0.4 டெசிபல் அதிகம். அந்த பிளேயருக்கு மட்டும் பாட்டின் ஒரு நகலை ஆடாசிட்டியில் 0.4 குறைத்து 24 பிட்டில் சேமித்துப் போடுங்கள்.

ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், ரீப்ளே கெயின் (பாட்டுக்குப் பாட்டு வால்யூமைத் தானாகச் சமப்படுத்துவது) எல்லாம் மூன்றிலும் ஆஃப். சார்ஜரில் போட்டுக்கொண்டு சோதிக்காதீர்கள், சார்ஜரின் இரைச்சல் உள்ளே வரும். ஹை-ரெஸ் பிளேயரில் 4.4 மி.மீ. பேலன்ஸ்டு துளை (இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி மைனஸ் உள்ளது) இருந்தால் இந்த ஸ்ப்ளிட்டரை அதில் அடாப்டர் வைத்துச் செருகவே கூடாது. அங்கே மைனஸ் முனை கிரவுண்டு இல்லை. இரண்டு பக்கத்து மைனஸையும் சேர்த்துவிட்டால் ஆம்ப் கெட்டுப்போகலாம்.

பத்து_ஓம்:
வால்யூம் சரி. ஆனால் ஜால்ரா மட்டும் மங்குகிறது என்றால் என் சந்தேகம் பழைய பிளேயரின் அவுட்புட் இம்பிடன்ஸ் மேல்தான், அதாவது பிளேயருக்குள்ளேயே இருக்கும் மின்தடை. பல ஆர்மேச்சர் உள்ள இயர்போனின் இம்பிடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருக்காது. நடுப்பகுதியில் 40 ஓம் இருப்பது மேலே 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் 8 ஓமுக்குக்கூட இறங்கலாம். பிளேயருக்குள்ளேயே 10 ஓம் இருந்தால் நடுப்பகுதிக்கு 1.9 டெசிபல் இழப்பு, மேலே 7 டெசிபல் இழப்பு. நிகரமாக மேல் நாதம் 5 டெசிபல் குறைந்துவிடுகிறது. அதே இயர்போனின் மேல் நாதம் 1 ஓம் டாங்கிளில் நிகரமாக 0.8 டெசிபல் மட்டுமே குறையும். அதனால்தான் பிளேயரின் இம்பிடன்ஸ் இயர்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறோம்.

அளப்பது எளிது. அதே டோன், இம்முறை இயர்போன் வேண்டாம். மீட்டரை மட்டும் வைத்து 100 மில்லிவோல்ட் வரும்படி வையுங்கள். வால்யூமைத் தொடாமல் நுனிக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 33 ஓம் ரெசிஸ்டரை வைத்து மறுபடி பாருங்கள். எவ்வளவு குறைந்ததோ அதை இரண்டாவது அளவால் வகுத்து 33-ஆல் பெருக்கினால் விடை. கால் வாட் ரெசிஸ்டரே போதும், ஒன்றிரண்டு ரூபாய்தான். ஊட்டியில் கிடைக்காவிட்டால் கோவைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். 10 ஓமிலும் இரண்டு சேர்த்து வாங்கச் சொல்லுங்கள், அடுத்து தேவைப்படும்.

கொடை_மேல்மலை:
குளிர் பற்றிக் கேட்டீர்கள். பிளேயரின் சர்க்யூட்டை 8 டிகிரி ஒன்றும் செய்யாது. அது விளையாடுவது காதுமுனையில். காதுக்குள் நுழையும் ஃபோம் டிப் (பஞ்சு போன்ற முனை) குளிரில் விறைத்து மெதுவாகத்தான் விரியும். காதுக்குள் சரியாக அடைக்காத நிமிடங்களில் பேஸ் ஓடிவிடும், மேல் ஒலி தூக்கலாகத் தெரியும். முதலில் கேட்ட பிளேயர் மெலிசாகவும் மூன்றாவதாகக் கேட்டது நிறைவாகவும் படுவதற்கு இதுவே போதும். உள்ளங்கையில் ஒரு நிமிடம் சூடாக்கி, உருட்டி நுழைத்து, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். அதன் பிறகு கழற்றவே கழற்றாதீர்கள். மாற்ற வேண்டியது பின்னை மட்டும். இடையிடையே 40 ஹெர்ட்ஸ் டோன் போட்டுப் பாருங்கள், அது இளைத்துவிட்டால் டிப் நழுவிவிட்டது.

குல்லாவும் மஃப்ளரும் வயரில் உரசும் சத்தம் காதுக்குள் இறங்கும். சோதிக்கும்போது எடுத்துவிடுங்கள். மெல்லிய மலைக்காற்று மூன்று பிளேயருக்கும் பொது, ஒப்பீட்டில் அது வராது.

ஈரம் வேறு விஷயம். உங்கள் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும்தானே. பின்னை மெதுவாகச் சுழற்றுங்கள். கரகரப்பு வந்து வந்து போனால் ஜாக்கில் களிம்பு பிடித்திருக்கிறது. 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பத்து நிமிடம் காயவிடுங்கள். டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், எண்ணெய்ப் படலம் தங்கித் தூசியைப் பிடிக்கும். உறைபனிக் காலையில் வெளியே எடுத்துப்போன பிளேயரை அடுப்படிச் சூட்டில் உடனே பையிலிருந்து எடுத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

கோத்தகிரி_கேள்வி:
அளந்தாயிற்று. ரெசிஸ்டர் வைக்கும் முன் மூன்றிலும் 100. வைத்த பிறகு பழைய பிளேயர் 77, டாங்கிள் 97, ஹை-ரெஸ் 97. முதலில் கேட்ட வால்யூமில் ஹை-ரெஸ் பிளேயர் டாங்கிளைவிட 1.3 டெசிபல் அதிகமாக இருந்திருக்கிறது. சமப்படுத்திய பிறகு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. பழையது இன்னும் மங்கல்தான்.

பத்து_ஓம்:
23-ஐ 77-ஆல் வகுத்து 33-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 10 ஓம். மற்ற இரண்டும் 1 ஓம். இப்போது அந்த 10 ஓம் ரெசிஸ்டர்களை எடுங்கள். டாங்கிளுக்கும் இயர்போனுக்கும் இடையில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, தொடராகப் பற்றவைத்து வால்யூமை மறுபடி சமப்படுத்திக் கேளுங்கள். டாங்கிளும் அதே மாதிரி மங்கினால் காரணம் உறுதி. கிரவுண்டு வயரில் மட்டும் ரெசிஸ்டர் போட்டுவிடாதீர்கள், இடதும் வலதும் ஒன்றுக்குள் ஒன்று கசியும்.

பழைய பிளேயரைத் தூக்கிப் போட வேண்டாம். ஒற்றை டைனமிக் டிரைவர் உள்ள 32 ஓம் இயர்போன்களில் இம்பிடன்ஸ் பெரும்பாலும் சமமாகவே போகும், இந்த மங்கல் அவற்றில் வராது.

வெலிங்டன்_வோல்ட்:
டாங்கிளா ஹை-ரெஸ்ஸா என்பதற்குக் கண்ணை மறைத்த சோதனை ஒன்று செய்துவிடுங்கள். வீட்டில் ஒருவர் நாணயம் சுண்டி, உங்களுக்குத் தெரியாமல் பின்னை மாற்றட்டும். அவர் முகமும் உங்களுக்குத் தெரியக் கூடாது. ஒரே பாட்டின் ஒரே பத்து விநாடி, 16 தடவை. 12 அல்லது அதற்கு மேல் சரி என்றால் வித்தியாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், குருட்டாம்போக்கில் அது வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஒன்பது, பத்து வந்தால் டாங்கிளே போதும். கடைசியாக, சத்தமே இல்லாத ஒரு ஃபைலையும் ஓடவிட்டு இரண்டிலும் "உஸ்" என்ற இரைச்சல் கேட்கிறதா பாருங்கள். பாட்டை இடைநிறுத்தும் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள், பல பிளேயர்கள் அப்போது ஆம்பை மூடிவிடும். உணர்திறன் அதிகமான இந்த வகை இயர்போனில் இரண்டுக்கும் நடுவே மிஞ்சுகிற வித்தியாசம் பெரும்பாலும் அந்த இரைச்சலில்தான் தெரியும்.