சொல்தா தாத்தாவும் ஒரு போர்ப்படமும்

நிரவிக்காரன்:

காரைக்கால் பக்கம் வந்து 'சொல்தா வீடு எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். எந்தத் தெரு சொல்தா வீடு என்று திருப்பிக் கேட்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். என் தாத்தாவும் சொல்தா. 1950-இல் சேர்ந்தார். துப்பாக்கியைவிட அதிகம் பிடித்தது ஸ்பேனர்தான். லாரி மெக்கானிக்.

2005 வாக்கில் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா ஒரு டி.வி.டி. கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் 'லாஸ்ட் கமாண்ட்' என்று 1966-இல் வந்த படம். அந்தோணி குயின், அலென் டெலோன், ஜார்ஜ் சீகல், கிளாடியா கார்டினேல் எல்லாரும் இருக்கிறார்கள். மார்க் ராப்சன் இயக்கியது. வியட்நாமில் தியன் பியன் ஃபூ என்ற பிரெஞ்சுக் கோட்டை விழும் நாளில் கதை தொடங்கி, அல்ஜீரியா விடுதலைப் போருக்குள் போகிறது. "அப்பா, நீங்க இருந்த இடமெல்லாம் வருது" என்று சொல்லி சித்தப்பா போட்டுவிட்டார்.

கூடத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர். குண்டு வெடிக்கிறது, பாராசூட்டில் குதிக்கிறார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். தாத்தா மட்டும் வெற்றிலையை மடித்தபடி, "இவ்வளவு சுத்தமாவா இருந்தானுங்க? சேறுதான்டா, முழங்கால் சேறு. நம்ம ஊர்ல நாத்து நடுற வயலு மாதிரி" என்றார். அவர் தியன் பியன் ஃபூவில் இல்லை. ஹனோய் பக்கம் லாரிப் பட்டறையில் இருந்தார். ஆனால் 1954 மார்ச் 13-இல் தொடங்கி மே 7 வரை அங்கே நடந்த ஒவ்வொன்றும் பட்டறைக்கு வந்து சேர்ந்ததாம். காயம்பட்டவர்கள் விமானத்தில் வந்தார்கள். ஓடுபாதை உடைந்த பிறகு அதுவும் நின்றது.

படத்தில் மஹிதி என்று ஒரு அல்ஜீரிய அதிகாரி வருவான். வியட்நாமில் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து சண்டை போட்டு, கைதியாகி, ஊர் திரும்பிய பிறகு கிளர்ச்சிக்காரர்களின் தலைவனாக மலைக்குப் போய்விடுவான். பழைய தோழர்களே அவனைத் தேடிப் போவார்கள். அவன் முகம் வந்ததும் தாத்தா மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"இவனை எனக்குத் தெரியும்" என்றார்.

நாங்கள் நடிகரைச் சொல்கிறார் என்று நினைத்தோம். இல்லை. பட்டறையில் அவரோடு ஒரு அல்ஜீரியக் கார்ப்பொரால் இருந்திருக்கிறார். அவர் பன்றி சாப்பிடமாட்டார், தாத்தா மாடு சாப்பிடமாட்டார். ரேஷன் டின்னைத் திறந்ததும் எது யாருக்கு என்று மாற்றிக்கொள்வார்களாம். மத்தி மீன் டின் வந்தால் இரண்டு பேருக்கும் விருந்து. தியன் பியன் ஃபூவில் காப்ரியேல் என்ற குன்றைக் காத்து நின்றதே அல்ஜீரிய பட்டாலியன்தான். அதில் அந்தக் கார்ப்பொராலின் ஊர்க்காரப் பையன்கள் இருந்தார்களாம். குன்று விழுந்த செய்தி வந்த அன்று அவர் தாத்தாவிடம், "யாருக்காகச் செத்தார்கள்?" என்று கேட்டாராம். தாத்தா பதில் சொல்லவில்லை. தனக்கு 24 வயது, வீட்டுக்கு மாதம் தவறாமல் பணம் போக வேண்டும், அதைத் தவிர வேறு எதையும் யோசித்ததில்லை என்று எங்களிடம் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் இரண்டு பேரும் ஒரே கப்பலில் சைகோனை விட்டுக் கிளம்பினார்கள். தாத்தாவுக்கு லீவு, கொழும்பில் இறங்கிவிட்டார். அந்தக் கார்ப்பொராலுக்கு இன்னும் பாதிக் கடல் இருந்தது. தலைமன்னார், தனுஷ்கோடி, போட் மெயில், மாயவரம், அப்புறம் பேரளம் வந்து காரைக்கால் ரயில். முன்பெல்லாம் எல்லையில் பெட்டி படுக்கையை அவிழ்த்துக் காட்டச் சொல்வார்கள். இந்தத் தடவை யாரும் ஏறவில்லை. ஏன் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டபோதுதான், ஊர் கைமாறிவிட்டது என்பதே அவருக்குத் தெரிந்தது. 1954 நவம்பர் 1. நீல வெள்ளை சிவப்பு இறங்கி, நம் மூவர்ணம் ஏறிய நாள்.

அதே நவம்பர் 1-ஆம் தேதி நள்ளிரவில்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. இதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர் விடுதலைக்குக் புதுச்சேரி பக்கத்துக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள், 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், முடிந்தது. அங்கே 1962 வரை எட்டு வருடம் ரத்தம் ஓடியது. அந்த எட்டு வருடத்தில் இரண்டு வருடம் என் தாத்தா அங்கே லாரி பழுது பார்த்திருக்கிறார், பிரெஞ்சு உடுப்பில்.

படத்தில் அல்ஜீரிய கிராமத்துக்குள் பட்டாளம் நுழையும் கட்டம் வந்ததும், "நிறுத்துடா" என்றார். நிறுத்தினோம். எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். அன்று இரவு சாப்பிடவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இந்த மாதிரிப் படங்களைப் பார்த்ததுண்டா? அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் சரி.

குடந்தை ரசிகன்:

படத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம். அல்ஜீரியாவாகக் காட்டியிருப்பது ஸ்பெயின். ஆனால் அதே 1966-இல் பொன்டெகொர்வோ எடுத்த 'அல்ஜியர்ஸ் போர்' படத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். அது அந்த ஊரிலேயே, அந்த மக்களை வைத்தே எடுத்தது. அங்கே கிளர்ச்சியை நடத்திய சாதி யாசெஃப் என்பவரே தயாரிப்பிலும் இருக்கிறார், நடித்தும் இருக்கிறார். வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. இரண்டு படத்திலும் பட்டாளத்துக் கர்னல் வியட்நாமில் இருந்துவிட்டு வந்தவர்தான். ஆனால் குயின் படத்தில் நாம் கர்னலின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊரைப் பார்க்கிறோம். அடுத்ததில் சந்துக்குள் நின்றுகொண்டு கர்னல் வருவதைப் பார்க்கிறோம். எனக்கு இரண்டாவதுதான் உயர்ந்த படம். இரண்டையும் அடுத்தடுத்த நாள் பார்த்தேன், ஒரு வாரம் வேறு படமே பார்க்கத் தோன்றவில்லை.

டி.ஆர்.பட்டினம் பேத்தி:

நிரவி அண்ணா, எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் பாட்டி வியட்நாம்காரர். ஹைபோங் துறைமுகத்தில் தாத்தா பிரெஞ்சு சுங்கத்தில் வேலை பார்த்தபோது கல்யாணம் ஆனது. 1955-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஹைபோங்கைக் காலி செய்தபோது கைக்குழந்தையோடு கப்பல் ஏறியவர். அந்தக் குழந்தைதான் என் அம்மா. நாங்கள் பாட்டியை 'பா' என்றுதான் கூப்பிடுவோம். அவர் மொழியில் பாட்டிக்கு அதுதான் சொல். தெருவில் மற்ற பிள்ளைகள், அப்பாவை ஏன் பா என்று கூப்பிடாமல் பாட்டியைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள்.

நீங்கள் சொன்ன படத்தை நான் கல்லூரியில் படிக்கும்போது பார்த்தேன். பாவை உட்காரவைத்துக் காட்டினேன், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து. முதல் இருபது நிமிஷம் அவர் திரைக்கு மிக அருகில் நகர்ந்து போய்ப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "எங்க ஆளுங்க எங்கே?" என்றார்.

அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஓடி வருகிறார்கள், சுடுகிறார்கள், விழுகிறார்கள். எத்தனை பேருடைய முகம் நம் நினைவில் நிற்கிறது? பாவின் அண்ணன் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர். சண்டை போட்டவர் இல்லை, சுமை கொண்டுபோனவர். சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஒரு மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, 200 கிலோ வரைக்கும் அரிசி ஏற்றி, மலைப்பாதையில் ராத்திரியில் தள்ளிக்கொண்டே போவார்களாம். பீரங்கியைக் கழற்றிக் கயிறு கட்டி இழுத்து மலைமேல் ஏற்றினார்களாம். பிரெஞ்சுத் தளபதிகள் முடியவே முடியாது என்று நினைத்த காரியம் அது. சாகசம் என்றால் எனக்கு அந்தச் சைக்கிள்தான். அதைப் படம் எடுத்திருந்தால் பா கடைசிவரை உட்கார்ந்து பார்த்திருப்பார்.

கணவர் பிரெஞ்சு உத்தியோகம், அண்ணன் ஹோ சி மின் பக்கம். கப்பல் ஏறிய பிறகு அண்ணனிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. இங்கே வந்த புதிதில் அவருக்குப் பழகிய மீன்சாறு கிடைக்காமல், பட்டினச்சேரியிலிருந்து நெத்திலி வாங்கி உப்புப் போட்டு ஜாடியில் மூடி வெயிலில் வைப்பாராம். அக்கம்பக்கத்தில் வாடை தாங்காமல் சண்டை. ஒரு வருடம் கழித்து அதே வீடுகளிலிருந்து கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்தார்களாம். பண்டிகை என்றால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் முறுக்கோடு சேர்த்து சாயோ என்ற வியட்நாம் பலகாரமும் பொரிப்போம்.

நிரவி அண்ணா, உங்கள் தாத்தா அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தாரா? அதைச் சொல்லவில்லையே.

உப்பளத்துக்காரன்:

நான் வேதாரண்யம். எங்கள் குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போனவர் யாரும் இல்லை. ஆனால் விடுதலைப் போராட்டம் என்றாலே துப்பாக்கியும் மலையும்தான் படமாகிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து கிளம்பித் தஞ்சாவூர் ஜில்லா வழியாக நடந்து எங்கள் ஊருக்கு உப்பெடுக்க வந்தார். ஏறக்குறைய நூறு தொண்டர்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலத்தை வழியில் மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று எந்தப் போலீஸ்காரர் கண்டுபிடிப்பது? எங்கள் ஊர் சவரத் தொழிலாளி வைரப்பன், பாதி முகம் மழித்த பிறகு எதிரே இருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியை வைத்துவிட்டார். மீதி மழிக்கவே இல்லை. அவருக்கு இங்கே நினைவுத்தூண் இருக்கிறது. என் அம்மாச்சி எனக்குச் சோறு ஊட்டும்போது சொன்ன கதை இதுதான். இதைவிட விறுவிறுப்பான கட்டம் எந்தப் போர்ப்படத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்.

நிரவிக்காரன்:

உப்பளத்து அண்ணே, நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தங்கச்சி, நீ உன் பாவைப் பற்றி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சைக்கிள் விஷயம் வந்ததும் இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

தாத்தா முழுசாகப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து அவரே, "அந்த மிச்சத்தைப் போடு" என்றார். ஆனால் இந்தத் தடவை என் சின்னத் தாத்தாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

சின்னத் தாத்தாவைப் பற்றி நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் ஹனோயில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது, தம்பி இங்கே 'பிரெஞ்சுக்காரனே வெளியேறு' என்று ராத்திரியில் கரிக்கட்டையால் சுவரில் எழுதிக்கொண்டிருந்தார். போலீஸ் தேட ஆரம்பித்ததும் வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூருக்கு ஓடி, அங்கே ஒரு கடையில் எட்டு மாதம் படுத்துக் கிடந்தார். அந்த எட்டு மாதமும் அவருக்குச் சாப்பாட்டுக்குப் போன பணம், அண்ணன் அனுப்பிய பட்டாளச் சம்பளம். இரண்டு பேருக்குமே இது தெரியும். ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் எந்த நாட்டுக் குடிமகன் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தபோது, அண்ணன் பிரெஞ்சு என்று எழுதிக்கொடுத்தார், தம்பி இந்தியராகவே இருந்துகொண்டார். எங்கள் வீட்டுக்கு பிரெஞ்சு பென்ஷனும் வந்தது, தியாகி பென்ஷனும் வந்தது. அதைப் பற்றி அவர்கள் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை.

மஹிதி செத்துப்போகும் கட்டத்தில் தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அல்ஜீரியாவில் இருந்த இரண்டு வருடமும், பிடித்துக் கொண்டுவரும் ஆட்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம், அந்தக் கார்ப்பொரால் இருந்துவிடக் கூடாதே என்று. ஒரு நாளும் அவர் வரவில்லை. "அதுக்காக நிம்மதிப்பட்டேன். ஆனா மத்தவனெல்லாம் யாரோ ஒருத்தனுக்குச் சினேகிதந்தானே" என்றார். சின்னத் தாத்தா எதுவும் பேசாமல் அண்ணன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிக் கட்டத்தில் கர்னலுக்கு மெடல் குத்துகிறார்கள். அலென் டெலோன் பட்டாளமே வேண்டாம் என்று வெளியே வருகிறார். அங்கே ஒரு அரபுச் சிறுவன் சுவரில் சுதந்திரம் என்று எழுதிக்கொண்டிருக்கிறான். டெலோன் பார்த்துச் சிரிக்கிறார்.

தாத்தா தம்பி பக்கம் திரும்பி, "உன்னை மாதிரியே கோணலா எழுதுறான் பாரு" என்றார். அப்புறம் என்னிடம், "அந்தப் பய எழுதுறதை மட்டும் இன்னொரு தரம் போடு" என்றார். போட்டேன். மூன்றாவது தரமும் போடச் சொன்னது சின்னத் தாத்தா.