உதவி: 5 இட்லி சாப்பிட்டும் 11 மணிக்கே பசி, கை நடுக்கம்

ஈரோட்டு_மருமகள்:
அவசரமுங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க. வீட்டுக்காரர் காலைல 8 மணிக்கு 5 இட்லி, தேங்காய்ச் சட்னி சாப்பிட்டுட்டுத்தான் கடைக்குப் போறாரு. 11 மணி ஆனா பசி தாங்கலை, கை நடுங்குதுன்னு டீயும் பன்னும் சாப்பிடுறாரு. சத்து போதலையா? மாவுல உளுந்து கூட்டிப் போட்டா சரியாகுமா?

நெல்லை_வாசகன்:
வயசு, எடை என்ன? சர்க்கரை, பிரஷர் ஏதும் உண்டா? மாத்திரை எடுக்கிறாரா? சாம்பாரே கிடையாதா?

கம்பங்கூழ்:
இட்லியை விட்டுட்டு ராகிக் கஞ்சிக்கு மாத்துங்க சகோ. எல்லாச் சத்தும் அதுல இருக்கு, மதியம் வரை தாங்கும்.

பழைய_உறுப்பினர்:
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாச்சு. தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. கணக்கைச் சொல்றேன், நிதானமா படிங்க. 4:1 மாவுல, அதாவது நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, 40 கிராம் இட்லிக்குப் புரதம் ஏறக்குறைய ஒன்றரை கிராம். ஐந்துக்கு ஏழரை. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020 அளவுப்படி உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம்; 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம். காலைப் பங்கா 15 கிராமாவது வேணும். உளுந்தைக் கூட்டி 3:1 ஆக்கினாலும் ஐந்து இட்லிக்கு ஒரு கிராம்கூட ஏறாது. அதுக்கு மேல போனா இட்லி தட்டையாகி வழவழங்கும். தேங்காய்ச் சட்னியில கொழுப்பு உண்டு, புரதம் பேருக்குத்தான்.

மாவாட்டும்_கை:
கணக்கு சரி. அதைத் தட்டுக்குக் கொண்டுவர்ற வழி இது. இட்லி 3 போதும். ஆளுக்கு 30 கிராம் துவரம்பருப்பு விழுற மாதிரி கெட்டி சாம்பார், அதுல ஒரு கை கேரட்டோ பூசணியோ: 6 கிராமுக்கு மேல. சட்னியில தேங்காயைப் பாதியாக்கி 20 கிராம் பொட்டுக்கடலை: 4 கிராம். இட்லியோட சேர்த்தா 15 வந்துரும். முட்டை சாப்பிட்டா ஒண்ணு அவிச்சு வைங்க, இன்னொரு 6. வாரம் ரெண்டு நாள் பெசரட்டு, அதான் பச்சைப்பயறு தோசை, ஊத்தலாம். ஆளுக்கு 50 கிராம் பச்சைப்பயறு, 12 கிராம் புரதம். 5 மணி நேரம் ஊறினா போதும், புளிக்க வைக்க வேண்டாம். மாவு நீர்த்துப் போனா கல்லை விட்டு எழும்பாது.

கம்பங்கூழ்:
ராகியை ஒருத்தரும் கண்டுக்கலையே?

பழைய_உறுப்பினர்:
ராகி 100 கிராமுக்குப் புரதம் 7தான், அரிசியும் கிட்டத்தட்ட அதேதான். கால்சியம் 340 மில்லிகிராம் இருக்கு, அது பெரிய விஷயம். ஆனா சலிச்ச மாவைக் கஞ்சியாக் குடிச்சா சீக்கிரம் செரிச்சு சர்க்கரை சட்டுனு ஏறும்.

கம்பங்கூழ்:
சலிக்கச் சொன்னது யாருங்க? தவிட்டோட அரைச்சு, களி கிண்டி, கீரைக் குழம்பு ஊத்திச் சாப்பிடட்டும். சர்க்கரை கலந்த கடை மாவை வச்சு ராகியைக் குறை சொல்லாதீங்க.

நெல்லை_வாசகன்:
ராகிச் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். தங்கச்சி, நான் கேட்டதுக்குப் பதில் வரலையே.

ஈரோட்டு_மருமகள்:
48 வயசு, 70 கிலோங்க. சர்க்கரை இருக்குது, காலைல கிளிமிபிரைட் மாத்திரை போடுறாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதலைங்க.

நெல்லை_வாசகன்:
சம்பந்தம் இருக்கும்மா. அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சாப்பாடு தாமதமானாலோ குறைஞ்சாலோ சர்க்கரை இறங்கி நடுக்கம், வேர்வை, படபடப்பு வரும். மேலே சொன்னதை வச்சு இட்லியை 3 ஆக்கிடாதீங்க, இன்னும் இறங்கிரும். நடுக்கம் வந்த உடனே குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70க்குக் கீழே இருந்தா 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி அளங்க. பன்னை நம்பிக் காத்திருக்க வேண்டாம், அது ஏற நேரமாகும். மயக்கமா இருந்தா வாயில எதுவும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

மாவாட்டும்_கை:
அப்போ இட்லி 5 அப்படியே இருக்கட்டும். சாம்பாரையும் சட்னியையும் மட்டும் மாத்துங்க.

ஈரோட்டு_மருமகள்:
இன்னைக்கு 11 மணிக்கு அளந்தோம், 62. சர்க்கரைத் தண்ணி குடுத்த பிறகு 94. சாயந்திரம் டாக்டர்கிட்ட போறோம். ரொம்ப நன்றிங்க.

நெல்லை_வாசகன்:
மாத்திரை அட்டையை எடுத்துட்டுப் போங்க. மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், இந்த ரெண்டு அளவு, நாலையும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க.