புதுப்பிப்பு: ஏ.ஏ.வா, ஏ.ஏ.டி.யா என்று கேட்டிருந்தேனே

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) வரலாறு படிக்கிறேன், சாதாரண ஏ.ஏ. (அசோசியேட் இன் ஆர்ட்ஸ்) என்ற இரண்டாண்டுப் பட்டம் எடுப்பதா, பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்கான ஏ.ஏ.டி. எடுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி. ஏ.ஏ.டி.க்கே மாறிவிட்டேன்.

இதற்கு அடிப்படை 2010இல் வந்த மாநிலச் சட்டம். 60 அலகுகளுடன் (பாடங்களுக்கான யூனிட் கணக்கு) இந்தப் பட்டத்தை முடித்தால் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. ஒத்த பாடப்பிரிவில் சேர்ந்தால் அங்கே மேலும் 60 அலகுகளில் இளங்கலை முடிந்துவிடும். ஆனால் எந்த வளாகம் என்பதற்கு உறுதி கிடையாது. சான் டியேகோ போல விண்ணப்பங்கள் குவியும் இடத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தைச் சொன்னவருக்குத் தனி நன்றி. அதில் ஒரு பக்கம் பல்கலைக்கழகப் பாடம், எதிரே அதற்கு ஈடான நம் கல்லூரிப் பாடம். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால் அதை இங்கே படிக்க வழியில்லை. ஆலோசகரைப் பார்க்கப் போகுமுன் இந்தப் பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு பாதி நேரத்தில் முடிகிறது.

அடுத்த பருவத்தில் புள்ளியியல். வரலாற்று மாணவனுக்கு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். எந்தப் பிரிவு மாணவரும் படிக்க வேண்டிய பொதுக்கல்விப் பகுதியில் ஒரு கணிதப் பாடம் கட்டாயம். கால்குலஸுக்கு இது எவ்வளவோ மேல்.