மொக்கில் சரியான விடையை வெட்டிவிட்டு வந்த பிள்ளை: ஜிசிஎஸ்இ பவுண்டேஷன் கணித மீட்டல் அனுபவங்கள்

கிங்ஸ்பரி அம்மா:

மகள் இயர் 11, ஜிசிஎஸ்இ பொதுப் பரீட்சை எழுதுகிற வருடம். பரீட்சைச் சபை எடெக்செல், எழுதுவது லேசான மட்டமான பவுண்டேஷன். மொக், அதாவது பள்ளிக்கூட மாதிரிப் பரீட்சையில் முடிவு 3. அதற்காக எழுதவில்லை, மேயிற்குள் சித்தித் தரமான 4க்குக் கொண்டுவரலாம் என்று பள்ளிக்கூடத்திலேயே சொன்னார்கள். என்னைக் குடைவது ஒரேயொரு கணக்கு.

பேப்பர் 1, கல்குலேற்றர் இல்லாதது. 12 கேக்குக்கு 300 கிராம் மா வேண்டும், 20 கேக்குக்கு எவ்வளவு? அவள் 300ஐ 12ஆல் பிரித்து 25 எடுத்திருக்கிறாள். அதை 20ஆல் பெருக்கி 500. வடிவாக, வரிவரியாக எழுதியிருக்கிறாள். அதற்கு மேல் குறுக்கே ஒரு கோடு. கீழே 20 − 12 = 8, 300 + 8 = 308. விடைக் கோட்டில் 308. பூச்சியம்.

ஏன் வெட்டினாய் என்று கேட்டேன். "இவ்வளவு லேசா இருக்காது எண்டு நினைச்சன் அம்மா" என்றாள்.

வீட்டில் கேட்டால் செய்கிறாள். ரியூஷனிலும் செய்கிறாள். மண்டபத்தில் இருந்ததும் தன் கையையே நம்புகிறாள் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி நடந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

சனிக்கிழமை வகுப்பு:

அக்கா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெட்டிவிட்டு வேறெதுவும் எழுதாமல் விட்டிருந்தால், வாசிக்கக்கூடியதாக இருக்கும்வரை அந்த வெட்டிய வேலைக்கே புள்ளி போட்டிருப்பார்கள். இன்னொரு விடை எழுதியதால்தான் முதலாவது கணக்கில் எடுக்கப்படவில்லை. நம்முடைய பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது.

ஈஸ்ட்ஹாம் பக்கம் சனிக்கிழமைகளில் படிப்பிக்கிறேன். என் மனதை விட்டுப் போகாத பையன் ஒருவன் இருக்கிறான். −3 − 5 என்றால் 8 என்பான். "மைனஸும் மைனஸும் ப்ளஸ் சேர்." பெருக்கலுக்குச் சொன்ன விதி, எங்கே இரண்டு மைனஸைக் கண்டாலும் கை தானாக அதைப் போட்டுவிடுகிறது. எண்கோடு வரைந்து காட்டினேன், தலையாட்டினான், அடுத்த கிழமை திரும்பவும் 8. ஒருநாள் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, காலையில் வெளியே மைனஸ் 3 பாகை, இரவு இன்னும் 5 பாகை குறைகிறது, எவ்வளவு என்று கேட்டேன். மூச்சு விடுவதற்குள் "மைனஸ் 8" என்றான். அதை எழுது என்றேன், எழுதினான். அதற்குக் கீழேயே −3 − 5 என்று எழுதச் சொன்னேன். எழுதி, சமன் போட்டு, 8. பிறகு இரண்டு வரியையும் மாறிமாறிப் பார்த்தான். "சேர், இது ரெண்டும் ஒண்டோ?" என்றான். ஐந்து வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைக்கு அந்த இரண்டு வரியும் ஒன்றுதான் என்று ஒருவரும் காட்டவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இனி மீட்டலைப் பற்றி, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பவுண்டேஷனில் 4 எடுக்க மொத்தம் 240 புள்ளியில் 60 வீதத்தை ஒட்டி வேண்டியிருக்கும், ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் ஏறி இறங்கும். மூன்று பேப்பர், ஒவ்வொன்றும் 80 புள்ளி, ஒன்றரை மணித்தியாலம். கடைசிப் பக்கங்களில் வருகிற கடினமான கணக்குகளை ஹையர் என்கிற மேல்மட்டப் பேப்பர் எழுதுகிறவர்களுக்கும் போடுவார்கள். 3 எடுத்த பிள்ளைக்கு அந்தப் பக்கங்களை அல்ல, முதல் பாதியைத்தான் முதலில் பலப்படுத்த வேண்டும். அங்கே விடுகிற ஒவ்வொரு புள்ளியும் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தில் போகிற புள்ளி. பின்னம் கூட்டல், வீதம், விகிதம், மைனஸ் எண்கள், அலகு மாற்றுதல். இந்த ஐந்தும் எல்லாப் பேப்பரிலும் ஏதோ ஒரு வேஷத்தில் வரும். வீதத்துக்கு 10 வீதத்திலிருந்து தொடங்கப் பழக்குங்கள். 240 பவுணில் 35 வீதம் என்றால் 10 வீதம் 24, மூன்று மடங்கு 72, 5 வீதம் 12, மொத்தம் 84. கல்குலேற்றர் இல்லாத பேப்பருக்கு இது போதும். பழைய பேப்பர் செய்யும்போது விடைத்தாளோடு நிற்காமல் மார்க் ஸ்கீமையும் பக்கத்தில் வையுங்கள். எந்த வரிக்கு எந்தப் புள்ளி என்று அதில் இருக்கும். வழிக்கு ஒரு புள்ளி, விடைக்கு ஒரு புள்ளி என்று பிரித்திருப்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதைப் பார்த்த பிள்ளை வெறுமையாக விட்டுவிட்டு வராது. எஸ்டிமேட் என்று கேட்டால் எண்களை ஒரு பொருளுடை இலக்கத்துக்கு மட்டந்தட்டிவிட்டுத்தான் செய்ய வேண்டும். சரியான பெறுமானத்தைக் கணக்கிட்டு அலைகிற பிள்ளைகளை இன்னும் பார்க்கிறேன்.

நெல்லைக்காரன்:

எல்லாரும் ஏன் ஃபவுண்டேஷனை இவ்வளவு சாதாரணமா ஏத்துக்கறீங்கன்னு எனக்குப் புரியல. அதில எவ்வளவு நல்லா எழுதினாலும் 5தான் உச்சம். ஹையர்ல 4 வாங்க 20 சதவீதத்தை ஒட்டி எடுத்தாலே போதும். கணக்குப் போட்டுப் பாருங்க, எது சுலபம்?

ரெடிங்ல இருக்கோம். பையனை ஃபவுண்டேஷனுக்கு மாத்தறோம்னு பேரன்ட்ஸ் ஈவினிங்ல சொன்னாங்க. அந்த ஐந்து நிமிஷம்தான் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. டீச்சர் லேப்டாப்பை எங்க பக்கம் திருப்பி, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமா ஒரு கட்டம் காட்டினாங்க. பையன் பேர் இருந்த வரிசை முழுக்கச் சிவப்பு. அவன் என்னைப் பார்க்கல, கீழே ஷூவைப் பார்த்துட்டு இருந்தான். நான் அங்கேயே சொல்லிட்டேன், ஹையர்லதான் எழுதுவான்னு. எழுதினான், 5 வந்தது.

நான் செய்தது இதுதான். தினமும் காலைல 16ஆம் வாய்ப்பாடு வரைக்கும் ஒப்பிக்கணும். ஊர்ல நாங்க அப்படித்தான் படிச்சோம். வர்க்கம் 25 வரைக்கும், கனம் 10 வரைக்கும். கால்குலேட்டரை ஒளிச்சு வெச்சுட்டேன். வாய்ப்பாடு நாக்கில இருந்தா பின்னம் சுருக்கறது, பகாக் காரணி எல்லாம் தன்னால வரும். மகளுக்கும் இதைச் செஞ்சு பாருங்க மேடம். பள்ளிக்கூடம் பிப்ரவரில பேர் கொடுக்கும், அதுக்கு முன்னாடி போய்ப் பேசுங்க.

வயர்மேன்:

அங்கிள், உங்கள் மகனுக்குச் சரிவந்தது சந்தோஷம். எனக்குச் சரிவரவில்லை, அதனால் இதை வாசிக்கிற மற்ற அப்பாக்களுக்காக எழுதுகிறேன்.

என் அப்பாவும் உங்களைப் போலத்தான் போய்ப் பேசினார். ஹையர் எழுதினேன். 20 வீதம் என்று கேட்க லேசாக இருக்கும். அந்தப் பேப்பரில் லேசான கணக்கு என்று இருப்பது முதல் சில பக்கங்கள் மட்டும்தான். அதில் இரண்டு மூன்று பிசகினால் பின்னால் பிடிக்க எனக்கு எதுவும் இல்லை. மிச்ச நேரம் முழுக்க விளங்காத கேள்விகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஹையரில் 4க்குக் கொஞ்சம் கீழே விழுந்தால் 3 தருவார்கள், அதற்கும் கீழே என்றால் நேரே யு, அதாவது தரமே இல்லை. 2, 1 என்று எதுவும் அங்கே இல்லை.

ஓகஸ்டில் முடிவு வந்த அன்று அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். மற்றதெல்லாம் இலக்கம், கணிதத்துக்கு மட்டும் ஒரு எழுத்து. "இது என்னடா, யு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு பெடியனின் அப்பாதான் அவருக்கு விளங்கப்படுத்தினார். அந்த மனிதர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எனக்குக் கேட்டது.

கொலிஜில் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்கிற நடைமுறைக் கணிதப் படிப்பை எடுக்கச் சொன்னார்கள். நான் ஜிசிஎஸ்இயே வேண்டும் என்று கேட்டு, அடுத்த கோடையில் பவுண்டேஷன் எழுதினேன். பேப்பரைத் திறந்து முதல் நான்கு பக்கமும் பேனையை எடுக்காமல் எழுதினேன். கணிதப் பரீட்சையில் அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை. கை சூடாகிவிட்டால் பிறகு வருகிற சாய்மானக் கணக்கு, மரவரிப்படம் எல்லாவற்றையும் துணிந்து தொடலாம். 4 வந்தது, அதைக் காட்டித்தான் எலக்ட்ரிக்கல் அப்ரென்டிஸ் எடுத்தேன்.

16ஆம் வாய்ப்பாடு தேவையில்லை அங்கிள். 12 வரை தடுமாறாமல் தெரிந்தால் காணும். கல்குலேற்றரை ஒளிக்கவும் வேண்டாம். மூன்று பேப்பரில் இரண்டு கல்குலேற்றர் பேப்பர், அதைப் பாவிக்கவும் பழக வேண்டும்.

நெல்லைக்காரன்:

தம்பி, படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. உங்க வைராக்கியத்துக்கு வாழ்த்துகள். ஆனா ஏ லெவல்ல கணக்கு எடுக்கணும்னா 6, 7ன்னு கேக்கறாங்க. ஃபவுண்டேஷன்ல போட்ட அன்னிக்கே அந்தக் கதவு மூடிடும். அதை யாரும் பெத்தவங்களுக்குத் தெளிவா சொல்றதில்லை, என் கோபம் அதுதான்.

இரவுப்பணி:

பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் எழுதின கதையையும் சொல்கிறேன்.

கெயர் ஹோமில் வேலை. தாதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போனால் கணிதத்தில் 4 கேட்டார்கள். ஊரில் எடுத்த ஓ லெவல் சான்றிதழ் இடம்பெயர்ந்ததில் எங்கே போனதோ தெரியாது. 19 வயதுக்கு மேற்பட்டவர்கள் 4 இல்லாவிட்டால் இங்கிலாந்தில் கட்டணமில்லாமல் ஜிசிஎஸ்இ கணிதம் படிக்கலாம் என்று கூட வேலைசெய்கிற ஒருத்தி சொன்னாள், அதைக் கேட்டதும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். மகளும் அப்போது இயர் 10. இரண்டு பேரும் ஒரே மேசை.

நான் நெடும்பிரித்தல் செய்வதைப் பார்த்துவிட்டு அவள், "இது பிழையான முறை, பஸ் ஸ்டொப் போடுங்கோ" என்றாள். இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற குறும்பிரித்தலுக்கு அதுதான் பெயர். விடை ஒன்றுதானே என்று நானும் விடவில்லை. 952ஐ 28ஆல் பிரிக்கிறோம். அவள் 28இன் மடங்குகளை ஓரத்தில் 28, 56, 84, 112 என்று எழுதி வைத்துக்கொண்டு பஸ் ஸ்டொப்பில் செய்தாள், நான் ஊர் முறையில் கீழே கீழே கழித்துக்கொண்டு போனேன். இரண்டு பேருக்கும் 34. அடுத்த நாள் வகுப்பில் கேட்டேன். கேள்வியில் இன்ன முறை என்று சொல்லாதவரை எந்தச் சரியான முறைக்கும் புள்ளி உண்டு என்றார் ரீச்சர். அதை வீட்டில் வந்து சொன்ன பிறகுதான் மகள் என் முறையைக் கிட்ட வந்து பார்த்தாள். நான் அவளிடம் அந்த ஓரத்து மடங்குப் பட்டியலை எடுத்துக்கொண்டேன்.

பரீட்சையன்று வாசலில் என்னை மேற்பார்வைக்கு வந்தவர் என்று நினைத்து, அலுவலர் அறை அந்தப் பக்கம் என்று காட்டினார்கள். நான் பரீட்சார்த்தி என்று சொல்லி, கடிதத்தைக் காட்டினேன். உள்ளே என் இருக்கைக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தாள். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு அவ்வளவு தைரியம் வந்தது.

கிங்ஸ்பரி அக்கா, உங்கள் பிள்ளை தன் விடையை நம்பவில்லை என்றீர்கள். எங்கள் ரீச்சர் ஒன்று சொல்வார்: விடை வந்த பிறகு அதைக் கதைக்குள் திரும்பப் போட்டுப் பார். 12 கேக்குக்கு 300 என்றால் 24 கேக்குக்கு 600. 20 கேக்கு இரண்டுக்கும் நடுவில், 600க்குக் கிட்ட நிற்க வேண்டும். 308 அங்கே நிற்குமா?

கிங்ஸ்பரி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. இன்று பின்னேரம் மகளிடம் பேப்பரைக் கொடுத்து, 24 கேக்குக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். 600 என்றாள், உடனே தானாகவே 308ஐ வட்டம் போட்டு "இது சரிவராது" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் விகிதக் கணக்கு இரண்டை எடுத்து அதே மாதிரிச் சரிபார்த்தாள். ஒன்றில் 40 பவுணை 3:5 ஆகப் பிரித்து 15, 25 என்று எழுதிவிட்டு, கூட்டினால் 40 வருகிறதா என்று பார்த்தாள். கேட்காமலே செய்தாள்.

நெல்லை அண்ணா, ஹையர் பற்றிச் சொன்னதற்கு நன்றி, ஆனால் அவளுக்கு ஏ லெவலில் கணிதம் எடுக்கும் எண்ணம் இல்லை. சிறுபிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டும் என்கிறாள், அதற்கு 4 வேண்டும். பவுண்டேஷனிலேயே விடுகிறோம்.

ஒரு கேள்வி. சூத்திரத் தாள் கொடுக்கிறார்கள்தானே, சூத்திரங்களைப் பாடமாக்கத் தேவையில்லை என்கிறாள். உண்மையா?

சனிக்கிழமை வகுப்பு:

பாதி உண்மை அக்கா. 2027 வரை தாள் உண்டு. சரிவகத்தின் பரப்பு, வட்டத்தின் சுற்றளவும் பரப்பும், பைதகரஸ், சைன் கோஸ் டான், கூட்டு வட்டி எல்லாம் அதில் இருக்கும். வேகம், அடர்த்தி, அமுக்கம் இல்லை. முக்கோணத்துக்குப் பாதி அடி தர உயரம் என்பதும் பவுண்டேஷன் தாளில் இல்லை. சைன் 30, கோஸ் 60 போன்ற பெறுமானங்களும் இல்லை, அவை பேப்பர் 1இல் வரலாம். தாளை இப்போதே அச்சடித்து, பழைய பேப்பர் செய்யும்போதெல்லாம் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். எது எந்த மூலையில் இருக்கிறது என்று கண் பழகிவிடும். வேகத்துக்கு மட்டும் நான் ஒரு கணக்கு தருகிறேன், அவளிடம் கொடுத்துப் பாருங்கள்: 45 நிமிடத்தில் 36 மைல் போகிற காரின் வேகம் மணிக்கு எத்தனை மைல்? 45ஆல் பிரித்து 0.8 என்று கொண்டுவந்தால் அலகு மாற்றுதலில் இருந்து தொடங்குங்கள். 48 என்று சொன்னால் எனக்கு எழுதுங்கள், அடுத்தது அனுப்புகிறேன்.