கமாண்டோவா இருந்தவங்க எழுதுன ஸ்பை நாவல் வேணுங்க

வணக்கங்க, சேலம் அஸ்தம்பட்டில இருந்து எழுதுறேன். அப்பா ஆர்மில ரிட்டயர் ஆகி ஏற்காட்டுல இருக்காருங்க, பனி மூடிருச்சுன்னா வெளிய போக முடியாது, புத்தகம்தான் துணை. 1991 வளைகுடா போர்ல ஈராக்குல பிடிபட்ட பிரிட்டிஷ் எஸ்ஏஎஸ் கமாண்டோ படைக்காரர் ஆண்டி மெக்நாப், அதே டீம்ல இருந்து தப்பிச்சு சிரியா வரைக்கும் நடந்தே போன கிறிஸ் ரயான், இவங்க நாவல் கிடைச்சதெல்லாம் முடிச்சுட்டாரு, அமெரிக்கக் கடற்படையோட நேவி சீல் கமாண்டோ படைல இருந்த ஜாக் கார் எழுதுன புக்கு இப்ப கையில இருக்கு. ராத்திரி முழுக்க அசையாம படுத்துக் கெடக்குறதெல்லாம் அனுபவிச்சவங்க எழுதுனாத்தான் அவருக்கு ஒட்டுது, மத்தவங்க எழுதுனா ரெண்டே பக்கத்துல மூடி வெச்சுருவாரு.

நம்ம நாட்டு பாரா கமாண்டோ யாராச்சும் இப்படி நாவல் எழுதிருக்காங்களா? தமிழ்ல இருந்தா ரொம்ப சந்தோசம், எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கோணும். சேலத்துல எந்தக் கடைல கிடைக்கும்னும் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை மேல போறேன்.