ஊட்டிக்கு வண்டி வரம்பு: மலைக்கு நல்லதா, வியாபாரத்துக்குக் கேடா?

அடையாறுவாசி:
மே மாதம் குடும்பத்தோடு காரில் ஊட்டி போக நினைக்கிறோம். இ-பாஸ் எப்படி எடுப்பது என்று கேட்கவில்லை. 2025 கோடையில் உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்ததே, அதனால் மலைக்கு உண்மையிலேயே நன்மை உண்டா, இல்லை அங்கே கடை வைத்திருப்பவர்கள் வயிற்றில்தான் அடிக்கிறதா? ஊர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன்:
சொந்த வீடு குன்னூர், வேலை வேளச்சேரியில். சீசனில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாலே பயமாக இருக்கும், மேட்டுப்பாளையம் ரோடு அடைத்துக்கொண்டால் ஆம்புலன்ஸ் கூட நகராது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்திருப்போம், லாட்ஜ்களுக்கு மட்டும் லாரி லாரியாகப் போகும். அதனால் வரம்பு கட்டாயம் வேண்டும் சார். ஆனால் எண்ணுவது வண்டியை மட்டும்தான். மேலே எத்தனை அறை இருக்கிறது, அத்தனை பேருக்குத் தண்ணீர் எங்கே, கழிவு எந்த ஓடையில் கலக்கிறது என்று பார்க்காமல், அனுமதியில்லாத காட்டேஜ்களையும் விட்டுவைத்தால் பாதி வேலைதான் நடக்கும். மலை எவ்வளவு தாங்கும் என்று நீதிமன்றம் சென்னை ஐஐடியையும் பெங்களூரு ஐஐஎம்மையும் ஆய்வு செய்யச் சொன்னதே அதற்காகத்தான்.

மயிலை ரவி:
கட்டணம் போட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெனிஸில் 2024 ஏப்ரலில் இரவு தங்காமல் பகலில் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ வாங்க ஆரம்பித்தார்கள், அடுத்த வருடமே கடைசி நேரத்தில் பதிபவர்களுக்கு 10 யூரோ. காசு உள்ளவர்கள் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். தாய்லாந்தின் மாயா பே கடற்கரையை 2018இல் அடியோடு மூடி 2022இல்தான் திறந்தார்கள், அதற்குள் சுறாக்கள் திரும்பி வந்திருந்தன. ஆனால் ஊட்டியில் மக்கள் குடியிருக்கிறார்கள், அப்படி மூட முடியாது, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது ஒன்றுதான் வழி.

பெரம்பூர் தேவி:
அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸ் தேவையில்லை, அதை யாரும் பேசுவதே இல்லை. சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ். பஸ்ஸில் வருகிறவர்களும் டீ குடிப்பார்கள், வர்க்கி வாங்குவார்கள், ஆட்டோ பிடிப்பார்கள், அதனால் வியாபாரம் போய்விடும் என்பதை நான் ஏற்கவில்லை. அடிவாரத்திலேயே பெரிய பார்க்கிங்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ்ஸும் விட்டால் முக்கால்வாசிக் கார் மேலே ஏறவே தேவையில்லை.

அடையாறுவாசி:
சரிங்க, அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால்தான் கார் என்று நினைத்தோம். மேட்டுப்பாளையத்தில் ரயிலை விட்டு இறங்கினால் பஸ் ஏற எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?