பாம்புக்கடி: உங்க ஊர்ல நடந்தத எழுதுங்க

எங்களுக்கு மன்னார்குடி பக்கம். சம்பா நேரத்துல ராத்திரி மடை திருப்பப் போன சித்தப்பாவ கணுக்கால்ல கண்ணாடி விரியன் போட்டுடுச்சு. ஒருத்தர் கயித்த எடுத்துட்டு ஓடி வரார், இன்னொருத்தர் பிளேடோட வரார், நான் ரெண்டையும் விடல, கால அசைக்க விடாம 108ல ஏத்தி நேரா ஜிஎச். அங்க ரத்தத்த ஒரு கண்ணாடி டியூப்ல ஊத்தி ஆடாம வச்சாங்க, 20 நிமிஷம் கழிச்சு சாய்ச்சா தண்ணியா ஓடுது, உறையவே இல்ல. ஒடனே விஷமுறிவு மருந்து ஏத்த ஆரம்பிச்சிட்டாங்க. பாம்பு எங்கன்னு யாரும் கேக்கல. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் நம்ம ஊர்ல ஒரே மருந்துதான், அதனால அத அடிக்கிறேன்னு இருட்டுல தேடாதீங்க ப்ளீஸ், அப்படித் தேடப்போயி கடி வாங்குனவங்க இருக்காங்க. சித்தப்பா இப்ப நடமாடுறார், கிட்னிக்கு மட்டும் செக்கப் போறார்.

---

சித்தப்பா பொழச்சதே பெரிய விஷயம்ணே. எங்க தெருவுல ஒரு பொண்ணு, தரையில பாய் போட்டுப் படுத்திருந்தவ, விடியக்காலைல வயித்து வலின்னு அழுதா. ஓமத்தண்ணி குடுத்தாங்க. கண்ணு ரெப்பை தொங்கிச்சு, தூக்கக் கலக்கம்னு நெனச்சாங்க, அப்புறம் எச்சில் முழுங்க முடியல, வண்டி வர்றதுக்குள்ள போயிட்டா. பாய சுருட்டும்போதுதான் கட்டு விரியன பாத்தாங்க. அது கடிச்சா வீங்காது, பெருசா வலிக்காது, பல்லு தடம்கூட பல நேரம் தெரியாது. 2024 நவம்பர்ல தமிழ்நாட்ல பாம்புக்கடிய கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கணும்னு கொண்டு வந்தாங்க, தனியார் ஆஸ்பத்திரியும் சொல்லியாகணும். ஆனா ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத இந்தப் புள்ளைய யாரு எழுதுவா? எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து வேணும்னு தெரியணும்னா மொதல்ல எங்க கடிக்குதுன்னு தெரியணும்ல, எனக்கு அதுதான் மனசு ஆறல.

---

நான் கிராம சுகாதார நர்ஸ். மேல எழுதுன தங்கச்சி சொன்ன மாதிரி வீட்லயே நடந்த சாவு எதுவா இருந்தாலும் எங்ககிட்ட வந்து சொல்லுங்க, "வயித்து வலி"ன்னு எழுதி முடிச்சுட்டா அந்தத் தெருவுல அடுத்த வீட்டையும் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. தரையில படுக்கிறவங்க கொசுவலை கட்டி நாலு பக்கமும் பாய்க்கு அடியில நல்லா சொருகுங்க, கட்டு விரியனுக்கு அது ரொம்பவே உதவும். விறக செவுத்த ஒட்டி அடுக்காதீங்க, எலி வந்தா பின்னாடியே பாம்பும் வரும். வயலுக்கு டார்ச்சும் கம்பூட்ஸும் இல்லாம ராத்திரில எறங்காதீங்க. உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல விஷமுறிவு மருந்து இருக்கா, ராத்திரில டாக்டர் இருக்காரான்னு இந்த வாரமே போய்க் கேட்டுட்டு வந்து இங்க போடுங்க, ஊர் பேரோட.